பேனாக்கத்திக்குப் பூட்டு வேணுமா? மடக்குக் கத்தியின் கதை

நீளமான இழைங்க இது. இப்ப நேரம் இல்லைன்னா சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க.

பௌர்ணமி நெருங்கினா திருவண்ணாமலையில டாக்டர்கிட்டக்கூட இப்படி ஒரு கேள்வி வரும். "சார், கிரிவலத்துக்குப் பழம் நறுக்க சின்னதா ஒரு மடக்குக் கத்தி வாங்கணும். ஆன்லைன்ல லாக் வச்சது, லாக் இல்லாததுன்னு ரெண்டு விதமா போட்டிருக்கான். எதை வாங்கலாம்?"

கத்திக் கடையில கேக்க வேண்டியதை இங்க ஏன் கேக்கறாங்கன்னு தோணும். ஆனா கத்தியோட பெருமை கடைக்காரருக்குத் தெரியும். அது மடங்கி விரல்ல விழுந்தா என்ன ஆகும்னு தையல் போடறவருக்குத்தான் தெரியும். அதனால கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கு.

பதிலை நாலு வரியில சொல்லிடலாம். ஆனா "ஏன்"னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். முதல்ல உங்க தாத்தா மடிக்குப் போவோம்.

வேட்டியில பாக்கெட் கிடையாது. ஆனா மடி உண்டு, சுருக்குப்பை உண்டு, அரைஞாண் கயிறு உண்டு. பின்னாடி அகலமான பச்சை பெல்ட்டும் வந்துச்சு. அதுக்குள்ள வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி. கயித்துல தொங்கற முள்வாங்கி. தினமும் பையில எடுத்துட்டுப் போற சாமானையெல்லாம் மேசையில பரப்பிப் படம் புடிச்சு "எவ்ரிடே கேரி"ன்னு இன்னைக்குப் போடறாங்களே, அதோட உள்ளூர்ப் பதிப்பு தாத்தாவோட மடி.

அதைவிட முக்கியமான ஒரு சாமான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இடுப்புல இருந்துச்சு. எழுத்தாணி.

ஓலைச்சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்ச உ.வே.சாமிநாதையர் (1855–1942) தன் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திரம்' நூல்ல எழுத்தாணி வகைகளை விளக்கியிருக்கார். குண்டெழுத்தாணின்னு ஒண்ணு. கொண்டை கனமா, உருண்டையா இருக்கும், நீளம் குறைவு. வாரெழுத்தாணின்னு இன்னொண்ணு. ஒரு முனையில எழுத்தாணி, மறுமுனையில கத்தி. ஏன் கத்தி? பனையோலையை அப்படியே எழுத முடியாதுங்க. ஈர்க்கை நீக்கி, ஓரம் சமமா வாரி, ஒரே அகலத்துக்குக் கொண்டு வரணும். எழுதறவருக்கு அதனால கத்தியும் வேணும், ஆணியும் வேணும். மூணாவது வகைதான் நமக்கு வேண்டியது: மடக்கெழுத்தாணி. அதே வாரெழுத்தாணியை ஒரு பிடிக்குள்ள மடக்கிக்கலாம். வேணும்கிறப்ப கத்தியை ஒரு பக்கமும் எழுத்தாணியை இன்னொரு பக்கமும் விரிச்சுக்கலாம்.

இதைப் படிச்சதும் உங்களுக்கு சுவிஸ் கத்தி ஞாபகம் வந்தா தப்பே இல்ல. கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்தில் பட்டறை தொடங்கியது 1884-இல். அந்த நாட்டு ராணுவத்துக்கு மடக்குக் கத்தி கொடுத்தது 1891-இல். கார்க் திருகி சேர்த்த "அதிகாரிகள் கத்தி"யைப் பதிவு செய்தது 1897-இல். பல வேலைக்கு ஒரே பிடி என்கிற யோசனை ஓலை வாரினவங்க கையிலயும் இருந்துச்சுங்கறது மட்டும்தான் நான் சொல்ல வர்றது. "நாங்கதான் முதல்ல கண்டுபிடிச்சோம்"னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. ஏன்னா ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட் என்ற இடத்துல கிடைச்ச எலும்புப் பிடி மடக்குக் கத்தி கி.மு. 600–500 காலத்தது. கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துல கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாம் மடங்கற ரோமானிய வெள்ளிச் சாமான் ஒண்ணு இருக்கு, கி.பி. 3-ஆம் நூற்றாண்டு. ரெண்டு தகடு, நடுவுல ஒரு ஆணி. மனுஷ மூளைக்கு எல்லா ஊர்லயும் எட்டின விஷயம் இது.

இப்ப வார்த்தைக்கு வருவோம். மடக்குக் கத்தியை நாம பேனாக்கத்தின்னு ஏன் சொல்றோம்? பேனா வடிவத்துல இருக்கறதாலன்னு பலபேர் நினைக்கறாங்க. ஐரோப்பாவுல எழுதினது இறகுல. லத்தீன்ல 'பென்னா'ன்னா இறகு. அந்த இறகோட முனை எழுத எழுத மழுங்கும், அப்பப்ப சீவணும். அதுக்கு வச்சிருந்த குட்டிக் கத்திதான் 'பென் நைஃப்'. அங்க இறகைச் சீவ, இங்க ஓலையை வார. ரெண்டு இடத்துலயும் படிச்சவங்க இடுப்புலயும் பையிலயும் கத்தி வந்து உக்காந்தது எழுத்துக்காக. இரும்பு நிப்பு வந்ததும் அங்க அந்த வேலை போச்சு, காகிதமும் அச்சும் பரவினதும் இங்க இந்த வேலை போச்சு. பேர் மட்டும் நின்னுடுச்சு. இறகையே பாக்காத நாம இன்னமும் பேனாக்கத்தின்னு சொல்லிட்டு மாங்காய் நறுக்கறோம்.

சின்ன கிளைக்கதை ஒண்ணு. தென்னிந்தியாவுல மூசையில உருக்கின எஃகு உலகப் புகழ். ஐரோப்பியர் அதை 'ஊட்ஸ்'னு எழுதினாங்க. கன்னடம், தெலுங்கு 'உக்கு' என்ற சொல்லோட திரிபுன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. நம்ம 'உருக்கு'க்கும் அது சொந்தம்தான். அப்படி உருக்கின தடயம் கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு மேல்சிறுவளூர், திருவண்ணாமலைக்குத் தெற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டம். 1790-களில் ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் பம்பாயிலிருந்து ஊட்ஸ் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதை ஆராய்ந்து 1795-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தவர் ஜார்ஜ் பியர்சன். அவரும் மருத்துவர். அந்த உருக்கைக் காய்ச்சி அடித்துப் பேனாக்கத்தி செஞ்சு பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டன்ல அறுவைக் கருவி செய்யறவர். அவர் கடை விளம்பர அட்டையிலேயே ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இந்திய ஊட்ஸே தனக்கு உகந்ததுன்னு அச்சடிச்சு வச்சிருந்தார். பின்னாடி இதே ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் (ஆமா, மின்சார ஃபாரடேதான்) சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ஞ்சாங்க. ஆக மேலை நாட்டு அறுவைக் கத்திக்கும் பேனாக்கத்திக்கும் நம்ம பக்கத்து உலைக்கும் தொடர்பு உண்டு. பெருமைப்படணும்னா இதுக்குப் பெருமைப்படுங்க, ஆதாரம் இருக்கு.

சரி, பூட்டுக்கு வருவோம்.

மிகப் பழைய மடக்குக் கத்தியில பூட்டும் இல்ல, வில்லும் இல்ல. ஆணியோட இறுக்கம்தான் கத்தியை நிறுத்தும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிடியோட முதுகுல ஒரு எஃகு வில்தகடு வைக்கற வழக்கம் வந்தது. திறந்தா 'டக்'னு நிக்கும், மூட அழுத்தணும், ஒரு கட்டத்துக்கு மேல தானே சரிஞ்சு மூடிக்கும். உங்க வீட்டுல இருக்கற பழைய பேனாக்கத்தி இந்த வகையாத்தான் இருக்கும். இது நிக்குது, ஆனா பூட்டலை. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க.

பூட்டே இல்லாம மனுஷன் எப்படி இத்தனை நூற்றாண்டு ஓட்டினான்? ஒரு பேனாக்கத்தியை எடுத்து (மெதுவா!) திறந்து பாருங்க. கூர்ப்பக்கம் கீழ இருக்கற மாதிரி வச்சு ஆப்பிளை நறுக்கறீங்க. ஆப்பிள் கத்தியை மேல தள்ளும். அந்தத் தள்ளல் கத்தியை மேலும் திறக்கற திசையில இருக்கு, அங்க ஏற்கெனவே தடை இருக்கு. அதனால நறுக்கறப்ப கத்தி மூடாது. வேலையே பூட்டு மாதிரி ஆயிடுது.

எப்ப மூடும்? முனையால குத்தறப்ப. தேங்காய்க் கண்ணுல குத்தி நெம்பறப்ப. டப்பா மூடியைக் கிளப்பறப்ப. கெட்டியான பூசணியில மாட்டிக்கிட்ட கத்தியை ஆட்டி ஆட்டி உருவறப்ப. இந்த வேலைகள்ல விசை கத்தியோட முதுகுப் பக்கம் விழும். கத்தி பிடிக்குள்ள திரும்பும். பிடிக்குள்ள யார் இருக்கா? பிடியைச் சுத்தி மடங்கியிருக்கற உங்க நாலு விரல். அதுலயும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் முன்வரிசை.

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும்.

விரலோட உள்பக்கம் ஒவ்வொரு விரல்லயும் ரெண்டு தசைநாண் ஓடுது. ஒண்ணு நடு மூட்டை மடக்கும், இன்னொண்ணு நுனியை மடக்கும். ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுப் போகும். பக்கத்துக்கு ஒரு நரம்பு, ஒரு ரத்தக்குழாய். கத்தி மூடி விழற இடம் இந்தக் குழாய் மேலதான். உள்ளங்கையின் முன்ரேகையிலிருந்து விரலோட நடுப்பகுதி வரைக்கும் உள்ள இந்த இடத்துக்கு அமெரிக்காவின் ஸ்டெர்லிங் பன்னல் வச்ச பேர் "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்". போர்க்களத்துல ரெண்டு படைக்கும் நடுவுல இருக்கற இடத்துக்குச் சொல்ற பேர் அது. இங்க நாண் அறுந்தா உடனே தைக்காதீங்க, தோலை மட்டும் மூடுங்க, ஒட்டிக்கிட்டு விரல் விறைச்சுடும், பின்னாடி வேற நாண் எடுத்து ஒட்டு வைக்கலாம்னுதான் அந்தக் காலத்துல பாடம். 1960-களில் ஹரால்ட் கிளைனர்ட் போன்றவங்க ஆரம்பத்துலயே நுணுக்கமா தைச்சு, உடனே அளவா அசைவும் கொடுத்தா விரல் நல்லா வேலை செய்யும்னு காட்டினப்புறம்தான் அந்த நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் கிடைச்சார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில பெரிய பங்கு உண்டு. திருவண்ணாமலையிலிருந்து 80 கிலோமீட்டர் சுமார்ல இருக்கற வேலூர் சி.எம்.சி.யில பால் பிராண்ட் 1940-களின் கடைசியில தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு நாண் மாற்றிப் பொருத்தற அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். உணர்ச்சி இல்லாத கை எப்படிக் காயப்படுதுன்னு உலகத்துக்குப் பாடம் எடுத்தது அந்த வேலூர் அனுபவம். அடுத்து சென்னை ஸ்டான்லியில பேராசிரியர் ஆர்.வெங்கடசுவாமி கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறையை வளர்த்தார். அதனால இன்னைக்கு நாண் அறுந்தா நம்ம மாநிலத்துக்குள்ளேயே நல்லா சரி பண்ண முடியும். ஒரே நிபந்தனை, அறுந்திருக்குன்னு தெரியணும்.

தெரியாம போறதுதான் அடிக்கடி நடக்குது. வெளியில பாத்தா ஒரு சென்டிமீட்டர் காயம். "ரெண்டு தையல் போட்டா சரியாயிடும் சார்"னு வருவாங்க. ஆனா நுனி மடங்காது. நீங்களே பாக்கலாம்: காயத்துக்கு அப்புறம் நடு மூட்டு மடங்குதா? நுனி மூட்டு தனியா மடங்குதா? விரலோட ரெண்டு பக்கமும் தொட்டா உணர்ச்சி இருக்கா? எதுல இல்லைன்னாலும் கை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கற இடத்துக்கு அன்னைக்கே போங்க, நாலு வாரம் கழிச்சு வேணாம். மஞ்சள், காப்பித்தூள் வைக்காதீங்க. சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க, கையை உயர்த்துங்க. டெட்டனஸ் ஊசி விவரம் சொல்லுங்க. விரலே துண்டாயிட்டா துண்டை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல வையுங்க. துண்டை நேரா ஐஸ்ல போட்டா திசு கெட்டுடும்.

இந்த விரலைக் காப்பாத்தத்தான் பூட்டு வந்துச்சான்னு கேட்டா, பாதி ஆமாம். மீதிப் பாதி வேற கதை.

ஸ்பெயினின் 'நவாஹா' பெரிய மடக்குக் கத்தி. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அதுக்குப் பல்லு வச்ச பூட்டு உண்டு. திறக்கறப்ப கடகடன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதை 'கர்ராக்கா'ன்னு கூப்பிட்டாங்க. மூடணும்னா ஒரு வளையத்தை இழுக்கணும். சத்தம் எதுக்கு? எதிராளிக்குக் கேக்கத்தான். பழம் நறுக்கறவன் சத்தம் போட வேண்டியதில்ல.

பிரான்ஸ்ல நேர் எதிர். சாவோய் மலைப்பகுதியில ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் மரப்பிடி வச்ச ஒரு விவசாயி கத்தி செஞ்சார். பூட்டு இல்ல. 65 வருஷம் அப்படியே ஓடுச்சு. 1955-இல்தான் மார்செல் ஒப்பினெல் கழுத்துல ஒரு உலோக வளையம் சேர்த்தார். திருகினா கத்தி நிக்கும். உலகத்துலயே எளிமையான பூட்டு இதுதான்னு நினைக்கறேன், எனக்குப் பிடிச்சதும் இதுதான். குறை ரெண்டு. திருக மறந்தா பூட்டு இல்ல. ஈரம் பட்டா மரம் ஊதி கத்தி வெளியவே வராது. கார்த்திகை தீபத்தப்ப நம்ம ஊர் மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டுல தங்கற வெளிநாட்டுக்காரங்க கையில இந்தக் கத்தியைப் பாக்கலாம். மாட்டிக்கிட்டா பிடியோட அடியை மேசையில தட்டி எடுப்பாங்க.

அமெரிக்காவுல மின்சார வேலைக்காரங்க கத்தியில 1906-லேயே உள்தகடு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க. பிடிக்குள்ள இருக்கற தகடு ஒண்ணு பக்கவாட்டுல சரிஞ்சு கத்தியோட அடியில போய் முட்டு கொடுக்கும். பின்னாடி ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவுக் கத்தியில இந்தப் பூட்டு எதுக்கு இருந்துச்சு தெரியுமா? ஸ்க்ரூ டிரைவருக்கு! கத்திக்கு வேணாம்னு விட்டுட்டாங்க. ஏன்னா திருகறப்பதான் பக்கவாட்டு விசை வரும், அப்பதான் விரல்ல மடங்கும். வேலை தெரிஞ்சவன் யோசிச்ச பூட்டு அது. அதையே 1980-களில் மைக்கேல் வாக்கர் மெருகேத்தினார். இன்னைக்கு ஆன்லைன்ல மலிவா வர்ற கத்திகள்ல 'லைனர் லாக்'னு போட்டிருக்கறது இதுதான். அதே பத்தாண்டுக் கடைசியில தென்னாப்பிரிக்காவின் கிறிஸ் ரீவ் தனித் தகடே வேணாம்னு பிடியையே வெட்டி முட்டாக்கினார், அது 'ஃபிரேம் லாக்'.

நடுவுல 1964-இல் 'பக்' கம்பெனியின் 110-ஆம் எண் கத்தி. பிடி முதுகுல ஒரு நெம்புகோல், அதோட கொக்கி கத்தியோட பள்ளத்துல விழும். இது 'லாக்பேக்'. வேட்டைக்காரங்களுக்காக வந்து, கட்டட வேலை, லாரி ஓட்டறவங்கன்னு எல்லார் இடுப்புக்கும் போயிடுச்சு. அந்தப் பள்ளத்துல பஞ்சு, புழுதி அடைஞ்சா கொக்கி முழுசா விழாது, அது ஒண்ணுதான் கவனிக்கணும். 1998-இல் பெஞ்ச்மேட் ஒரு குறுக்குக் கம்பிப் பூட்டு கொண்டு வந்தது. இதோட நல்ல குணம், மூடறப்ப விரல் கத்தி போற வழியில வராது. லைனர் லாக்கை மூடறதுக்கோ கட்டைவிரலைக் கத்தி பாதையிலேயே வச்சுத் தகட்டைத் தள்ளணும். நான் பாத்த வரைக்கும் பூட்டு வச்ச கத்தியில வெட்டுப்படறவங்க பூட்டு உடைஞ்சு வெட்டுப்படறதில்ல. பேசிக்கிட்டே மூடறப்பதான்.

சுவிஸ் ராணுவம் என்ன பண்ணுச்சு? 1891-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல சிப்பாய்க் கத்தியில பூட்டே வைக்கல. 2008 மாடல்லதான் ஒரு கையில திறக்கறதும் பூட்டும் வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, அதே 2008-இல் பக்கத்து நாடான ஜெர்மனி, ஒரு கையில திறந்து பூட்டிக்கற கத்தியைக் காரணமில்லாம பொது இடத்துல எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் போட்டுடுச்சு.

ஆமா, சட்டம். இதுதான் அந்த மீதிப் பாதி. விரலைக் காப்பாத்தற அதே பூட்டு, குத்தறவன் கைக்கும் பாதுகாப்பு. பூட்டில்லாத பேனாக்கத்தியால குத்தினா குத்தினவன் விரல்தான் முதல்ல போகும். அதனால போலீஸ்காரர் கண்ணுக்குப் பூட்டுன்னா ஆயுதம். பிரிட்டன்ல மூணு அங்குலத்துக்குள்ள, மடங்கற பேனாக்கத்தியைச் சும்மா வச்சிருக்கலாம். ஆனா திறந்ததும் பூட்டிக்கற கத்தி "மடக்குக் கத்தி" கணக்குலேயே வராதுன்னு 1993-இல் அங்க நீதிமன்றம் சொல்லிடுச்சு. லண்டன்ல இருக்கற மச்சானுக்குப் பூட்டு வச்ச கத்தியைப் பரிசா வாங்கிட்டுப் போகப் போறீங்களா? வேணாங்க, அல்வா வாங்கிட்டுப் போங்க.

பட்டனை அமுக்கினா பாயற கத்தி, நம்ம கறுப்பு வெள்ளைப் பட வில்லன் கத்தி, அமெரிக்காவுல 1958-லயும் பிரிட்டன்ல 1959-லயும் சட்டத்துல மாட்டிக்கிச்சு. நம்ம ஆயுதச் சட்டமும் 1959-தான். நம்ம விதிகள் பூட்டைப் பத்திக் கவலைப்படறதில்ல, அளவைத்தான் பாக்குது: 9 அங்குலத்துக்கு மேல நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல அகலம் உள்ள கத்தி ஆயுதப் பட்டியல்ல வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும்னே செஞ்சதுக்கு விலக்கு.

இந்த 9 அங்குலம்னதும் வட இந்தியாவுல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ராம்பூர். நவாபு ஆட்சி நடந்த ஊர், 1949-இல் இந்திய ஒன்றியத்தோட சேர்ந்தது. அங்க செய்யற 'ராம்பூரி' மடக்குக் கத்தி நவாஹாவுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி, அதுக்கும் திறக்கறப்ப கட்கட்னு சத்தம் உண்டு. 1960, 70-களின் இந்திப் படங்கள் அதைத் தலையில தூக்கி வச்சுக்கிச்சு. ராஜ்குமார் நடிச்ச 'வக்த்' (1965) படத்துக் கத்திக் காட்சியை வயசானவங்க இன்னைக்கும் நடிச்சுக் காட்டுவாங்க. சினிமா புகழ் வளர வளர ரவுடிகளும் வாங்க, 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேல கூடாதுன்னுடுச்சு. தலைமுறையா செஞ்ச கைவினைஞர்கள் தொழிலை விட்டாங்க. 2023-இல் அதே ஊர் நாற்சந்தியில 20 அடி நீள ராம்பூரி கத்தியைச் சிலையா நிறுத்தியிருக்காங்க. கத்தி செஞ்சவங்க போனப்புறம் கத்திக்குச் சிலை.

நம்ம பக்கம் அருவாளுக்குத் திருப்பாச்சேத்தி, பூட்டுக்குத் திண்டுக்கல் (2019-இல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு). ரெண்டும் இருந்தும் பூட்டு வச்ச மடக்குக் கத்திக்குன்னு பேர்போன ஊர் ஒண்ணு இங்க உருவாகல. இளநீர் வெட்ட அருவாள், காய்க்கு அருவாமணை, பாக்குக்குப் பாக்குவெட்டின்னு ஒவ்வொரு வேலைக்கும் மடங்காத, அல்லது விரல் பக்கமே வராத கருவி நம்மகிட்ட இருந்துச்சு. தேவைப்படல.

இவ்வளவு பேசிட்டு எங்க தொழிலை விட்டா நியாயமில்ல. 19-ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் சட்டைப்பையிலும் மடக்குக் கத்திதான் இருந்துச்சு! ஆமை ஓட்டுப் பிடி, தந்தப் பிடி, அதுக்குள்ள மடங்கற அறுவைக் கத்தி. சிலதுல சறுக்குப் பூட்டு வேற. வேலை முடிஞ்சதும் துடைச்சு மடக்கிப் பையில போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த மடிப்புக்குள்ள முந்தின நோயாளியோட சீழ் உக்காந்திருக்கும். 1867-இல் ஜோசஃப் லிஸ்டர் கிருமி நீக்கம் பத்தி எழுதினப்புறம், நீராவியில கருவிகளை அவிக்கற முறை வந்தப்புறம், மரமும் தந்தமும் தாங்கல. கீலுக்குள்ள கிருமி சாகுதான்னு உறுதியும் இல்ல. முழு உலோகம், மடங்காத ஒரே துண்டுன்னு கத்தி மாறிச்சு. 1915-இல் மார்கன் பார்க்கர் அலகை மட்டும் கழட்டி மாத்தற கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு எங்க கையில இருக்கறது அதோட வாரிசு. பையில வைக்க வசதின்னு வந்த கீல், ஆஸ்பத்திரியில ஆளைக் கொன்னுச்சுன்னு சொன்னா மிகையில்ல.

இதே பாடத்தை இன்னொரு மடக்குக் கத்தி நூறு வருஷம் கழிச்சுப் படிச்சுது: சவரக்கத்தி. அதுல பூட்டும் இல்ல, வில்லும் இல்ல. அலகோட வாலை விரலால அழுத்திப் பிடிக்கறாரே, அந்த விரல்தான் பூட்டு. கை தேர்ந்தவருக்கு அதுக்கு மேல எதுவும் தேவையில்ல. அந்தக் கையோட திறமையை நாம மதிக்கறதே இல்லைங்கறது என் வருத்தம். நம்ம ஊர்ல முடிதிருத்தறவங்க சமூகத்துக்கே மருத்துவர்னு பேர் உண்டு. இங்கிலாந்துல சவரத் தொழிலாளரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரைக்கும் ஒரே சங்கம். நாங்க பங்காளிங்கதான்.

1986-இல் சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிஞ்சாங்க. அடுத்த பத்து, பதினஞ்சு வருஷத்துல "புது பிளேடு போடுங்க"ங்கறது சலூன்ல சாதாரணப் பேச்சாயிடுச்சு. தீட்டுக்கல்லும் தோல்வாரும் ஒதுங்கி, அரை பிளேடு மாட்டற பிடி வந்துச்சு. முடி காணிக்கை கொடுக்கறப்ப இன்னைக்கும் அதைக் கேட்டு வாங்குங்க. எச்.ஐ.வி.யைவிட எளிதாப் பரவறது ஹெபடைடிஸ் பி. காய்ஞ்ச ரத்தத்துலகூட அந்தக் கிருமி நாள் கணக்குல உயிரோட இருக்கும். குழந்தைக்கு மொட்டை போடறப்ப உங்க கண் முன்னாடி புது பிளேடு பிரிக்கணும். கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

இப்ப அந்த நாலு வரி.

பழம், வெள்ளரி, கயிறு, பார்சல் மட்டும்தான்னா மூணு அங்குலத்துக்குள்ள, வில் வச்ச, பூட்டில்லாத பேனாக்கத்தி போதும். குத்தறது, நெம்பறது, திருகறது உங்க வேலையில இருந்தா பூட்டு வச்சது வாங்குங்க, அதுலயும் லாக்பேக் அல்லது வளையப் பூட்டு. மூடறப்ப விரல் வழியில வராது. 300 ரூபாய் லைனர் லாக் வாங்கறதுக்குப் பூட்டே இல்லாதது மேல். ஏன்னா பூட்டு இல்லைன்னு தெரிஞ்சவன் ஜாக்கிரதையா இருப்பான். சர்க்கரை நோயால விரல் மரத்துப் போனவங்க மடக்குக் கத்தியே வேணாம், உறை போட்ட சின்ன சமையல் கத்தி போதும்.

எதுவா இருந்தாலும் ரெண்டு கையால, பாத்து மூடுங்க. மாங்காய்ச் சாறு பட்டதும் கழுவித் துடைச்சு, கீல்ல ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விடாதீங்க, அது பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. விமானத்துல கைப்பையில வேணாம், பெட்டியில போடுங்க. கிரிவலப் பாதையில பழம் நறுக்கலாம், கோயிலுக்குள்ள கொண்டு போகாதீங்க. அங்க சோதனையில எடுத்து வச்சுட்டா திரும்ப வாங்க அலையணும், வண்டியிலேயே விட்டுட்டுப் போங்க.

பாக்குவெட்டி பத்தித் தனியா எழுதச் சொல்லி யாராவது கேட்டா எழுதறேன். அதுல வாய்ப்புற்று பத்தியும் பேச வேண்டியிருக்கு.